நொச்சித்திட்டில் தங்கிப்போன பறவை

ஜூலை 18, வியாழன்

அக்கரைக் குப்பத்தில் தடுப்பூசி முகாம். மருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரருடைய படகிலேயே போனேன். முகத்துவாரம் இன்னும் மணல் மூடித்தான் கிடக்கிறது. கடலுக்குப் போக வழியில்லாமல் ஆற்றுத் தண்ணீர் பச்சை பிடித்து நிற்கிறது, செத்த மீன் வேறு. கூட வந்த சுகாதாரப் பணிப்பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. புழு வைத்த புண்ணைக் கழுவிவிட்டு வந்து அதே கையால் சாப்பிடுகிறவள் என்று ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். அதை யாரும் சொல்வதில்லை.

திரும்பும்போது நொச்சித்திட்டு மணலில் ஒரு பறவை. யார் வீட்டு வாத்தோ என்று நினைத்தேன். வாத்தைவிடப் பெரியது. உடம்பெல்லாம் வெளுத்து எடுத்த வெள்ளை. சிறகின் ஓரமும் வாலும் கறுப்பு. மஞ்சள் அலகைச் சுற்றிக் கண்வரைக்கும் யாரோ மையை அள்ளி அப்பிவிட்டாற்போல் இருந்தது. படகு கிட்டே போயும் எழுந்திருக்கவில்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, இரட்டை டியூட்டி முடித்தவள் மாதிரி தலையை முதுகில் செருகிக்கொண்டது.

"என்னங்க, இது என்ன பறவை?"

"ஏதோ கடல் பறவை. காத்து தள்ளிக்கிட்டு வந்திருக்கும்."

"ஒரு போட்டோ எடுங்க. புதுசா எது வந்தாலும் அனுப்பச் சொன்னாரே, அந்த சென்னைக்காரர்."

எடுத்தார். இவருக்கு இறால் குட்டை போய், செல்போன் கடை போய், இப்போது ஒரு வருடமாகப் படகு சவாரியும் கரையில் ஒரு மீன் வறுவல் கடையும். சவாரிக்கு ஆள் வருவதில்லை. பறவை பார்க்கிறவர்கள் எப்போதாவது வருவார்கள்.

ராத்திரிக்கு ரசமும் அப்பளமும்.

ஜூலை 19, வெள்ளி

சென்னைக்காரர் விடிவதற்குள் வந்துவிட்டார். பெயர் ரகோத்தமன். ஓய்வுபெற்ற இன்ஜினியர், பறவை பார்க்கிற சங்கம் ஒன்றை நடத்துகிறார். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். பறவையைப் பார்த்ததும் மணலில் மண்டியிட்டுவிட்டார்.

"மாஸ்க்டு பூபி! குணாளன் சார், இது நடுக்கடல்ல, தீவுல இருக்கிறது. இந்தக் கரையில பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். காத்துல அடிபட்டு வந்திருக்கு. ரெண்டு மூணு நாள் இளைப்பாறும், தெம்பு வந்ததும் கிளம்பிடும்."

இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "முதல்ல பார்த்தது நீங்க. உங்க பேர்லதான் பதிவு."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். யார் பெயரில் இருந்தால் என்ன, பறவை பறவைதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவரை யாரும் 'சார்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இந்த ஊரில் இவர் 'நர்சம்மா வூட்டுக்காரர்'. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுகூட முகத்தில் அந்தச் சிரிப்பு போகவில்லை.

ஜூலை 20, சனி

சவுக்குத் தோப்பு முழுக்க கார். எங்கிருந்துதான் மோப்பம் பிடிப்பார்களோ! அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வறுவல் கடையில் நின்றேன். ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்கு என்ன கண்ணுங்க!" என்றாள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் பறவை எழுந்தது. கொஞ்ச தூரம் மணலில் தத்தி ஓடி, சிறகை விரித்ததும் வேறு உயிராகிவிட்டது. அவ்வளவு நீளச் சிறகை நான் பார்த்ததில்லை. திட்டைத் தாண்டி, அலையைத் தாண்டிப் போய், மேலேயிருந்து கல் விழுகிற மாதிரி கடலுக்குள் விழுந்தது. மீனோடு எழுந்தது. எல்லோரும் 'ஹா' என்றார்கள். நானும்தான்.

இவர் மட்டும் சத்தம் போடவில்லை. "கிளம்பிடுமோ?" என்று ரகோத்தமனைக் கேட்டார்.

"நாளைக்கோ நாளன்னிக்கோ. தெம்பு வந்துடுச்சே."

திரும்பி வந்து அதே இடத்தில்தான் உட்கார்ந்தது. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்குன்னு பார்த்துக் கிளம்பிடக் கூடாது," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜூலை 21, ஞாயிறு

விடிகாலையில் இவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். துண்டு முழுக்க ரத்தம். நங்கூரக் கம்பி கிழித்துவிட்டதாம். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஆழமான கிழிசல். புறங்கையில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று, எதிரெதிராக. ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல் வைத்தாற்போல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கழுவி, தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டேன்.

"கம்பி துரு பிடிச்சதா?" என்றேன்.

"ம்."

கம்பி எப்படி இரண்டு பக்கமும் கிழிக்கும் என்று கேட்க நினைத்தேன். வாசலில் பிரசவக் கேஸ் வந்துவிட்டது. கேட்கவில்லை.

என் பையில் இருந்த கட்டு வெட்டும் கத்தரிக்கோலைக் காணோம். முகாமில் விட்டிருப்பேன்.

பறவை போகவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம்.

ஜூலை 23, செவ்வாய்

இன்னும் இருக்கிறது.

வயிற்றுப்போக்கு கேஸ்கள். எல்லாம் வெளியூர்க்காரர்கள், எல்லோரும் கரையில் வறுவல் சாப்பிட்டவர்கள். எண்ணெயை மாற்றுங்கள் என்று இவரிடம் சொன்னேன்.

ஜூலை 25, வியாழன்

இன்று திட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

சவுக்குத் தோப்பில் கால் வைக்க இடமில்லை. மரத்துக்கு மரம் ஒதுங்கி, காகிதத்தைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரியாணி டப்பா, தண்ணீர் பாட்டில், குழந்தைக்குக் கட்டிக் கழற்றி எறிந்த நாப்கின். நாய்கள் அதைக் கிழித்து இழுத்துக்கொண்டு அலைகின்றன. அதற்கு நடுவில் துணியை விரித்து உட்கார்ந்து, இயற்கை எவ்வளவு அழகு என்று ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருந்தது.

திட்டின் மேட்டில் ஆலாப் பறவைகள் மணலைக் குழித்து முட்டை வைத்திருந்தன. நல்ல கோணம் வேண்டும் என்று ஒருவர் அந்த மேட்டில் குப்புறப் படுத்துத் தவழ்ந்தார். எழுந்தபோது சட்டையின் வயிற்றுப் பக்கம் மஞ்சள் வழிந்தது. "அய்யே" என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையை அங்கேயே போட்டார். தலைக்கு மேல் ஆலாக்கள் கத்திய கத்தலைப் பக்கத்திலிருந்தவன் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தான்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ரயிலில் அடிபட்ட உடம்பைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்போது பொத்தவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

டி.வி.யில் இவரைக் காட்டினார்கள். மதிவதனி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, "அம்மா, அப்பா டை அடிச்சிருக்காரா?" என்று சிரித்தாள். அடித்துத்தான் இருக்கிறார். எனக்கே அதில்தான் தெரிந்தது.

காலையும் மாலையும் இவர் கவலை மீனை வாளியில் எடுத்துப்போய் வீசுகிறார். நேற்று விற்காதது, முந்தாநாள் விற்காதது. பறவை நடந்து வந்து கொத்துகிறது. ஒவ்வொரு மீனுக்கும் கை தட்டுகிறார்கள். அவசரத்தில் ஒரு மீனை விழுங்க முடியாமல் கக்கியது. அதற்கும் தட்டினார்கள்.

"உங்க வீட்டுக்காரரை விட்டுப் போக மாட்டேங்குது மேடம். இதுதான் அன்பு," என்றார் ரகோத்தமன்.

"ரெண்டு மூணு நாள்னு சொன்னீங்களே?"

"இயற்கையை யாரு மேடம் கணிக்க முடியும்?" லென்ஸைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

ஆடிப்பெருக்கு அன்று கரையில் மேடை போட்டு இவருக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்களாம். பஞ்சாயத்தும் சங்கமும் சேர்ந்து. எனக்குப் புதுப்புடவை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. நேரமில்லை.

ஜூலை 30, செவ்வாய்

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அது பறந்து நான் பார்க்கவில்லை. யாரும் பார்த்ததாகச் சொல்லவுமில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று டியூட்டி பத்து மணிக்குத்தான். இவர் எண்ணெய் வாங்க மரக்காணம் போயிருந்தார். கரையில் இன்னும் கூட்டம் சேரவில்லை. நானே துடுப்பு போட்டுத் திட்டுக்குப் போனேன்.

பறவை தன் எச்சத்திலேயே உட்கார்ந்திருந்தது. நெஞ்சு வெள்ளை அழுக்கு மஞ்சளாகிவிட்டது. சுற்றிலும் அழுகின மீன், ஈ. என்னைப் பார்த்ததும் எழுந்து சிறகை விரித்து ஓடியது. இடது சிறகு அன்று பார்த்த மாதிரியே முழு நீளத்துக்கு விரிந்தது. வலது சிறகு பாதியில் நின்றுவிட்டது. காற்று ஒரு பக்கம் மட்டும் தூக்க, அப்படியே கவிழ்ந்து முகம் மணலில் குத்தியது. எழுந்து மறுபடியும் ஓடியது. மறுபடியும் கவிழ்ந்தது.

என் புடவை முந்தானையை அதன் தலைமேல் போட்டுப் பிடித்தேன். குழந்தைக்கு ஊசி போடப் பிடிக்கிற பிடிதான். வலது சிறகை விரித்துப் பார்த்தேன். நுனிக் கறுப்பு இறகுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் முடிந்திருந்தன. கிழிந்தது எப்படி இருக்கும், கடித்தது எப்படி இருக்கும், வெட்டினது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தினம் பார்க்கிறேன். தண்டுகள் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன.

படகில் தூண்டில் சாமான் போடுகிற தகரப் பெட்டியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. என் கத்தரிக்கோல் அதில் இருந்தது. திருகாணியில் ஒரு கறுப்பு இழை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. பார்த்தேன். ஒருவருக்கும் ஊசி தவறவில்லை.

சாயங்காலம் கத்தரிக்கோலைச் சாப்பாட்டு மேசையில், இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இவர் அதைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"முளைச்சிடும் நாயகி. கோழிக்கு வெட்டறதில்லையா?"

கத்தரிக்கோலை இன்னும் கிட்டே நகர்த்தினேன்.

"அன்னிக்கு சாயங்காலம் அது கடலுக்குள்ள போனப்ப எனக்குப் பகீர்னுச்சு. அது போனா எல்லாரும் போயிடுவாங்க. அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் இருந்தா போதும்னுதான் நெனச்சேன். சத்தியமா அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன பண்ணச் சொல்ற? ஒட்ட வைக்க முடியுமா?" தட்டைத் தள்ளினார். "அந்தப் பறவை போச்சுன்னா நான் யாரு? திரும்பவும் நர்சம்மா வூட்டுக்காரன். உன் சம்பளத்துல டீ குடிக்கிறவன். ஊரே என்னை நிமிந்து பார்க்குது நாயகி. உனக்கு அது புடிக்கல."

தையல் போட்ட அந்தக் கையால் மோரை ஊற்றிக்கொண்டார். அந்தத் தழும்பில் அலகின் வரிசை அப்படியே பதிந்திருக்கிறது. என் கையால் தைத்தது. நன்றாகத்தான் ஆறியிருக்கிறது.

எழுந்துபோய் வாந்தி எடுத்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ரகோத்தமனிடம் சொன்னால் ஏதாவது செய்வார் என்று நம்பி மத்தியானம் அவர் தங்கியிருக்கும் லாட்ஜுக்குப் போனேன். படித்தவர், சங்கம் நடத்துகிறவர், பறவைக்கு முன்னால் மண்டியிட்டவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் திடுக்கிடவில்லை.

"தெரியும் மேடம். ஞாயித்துக்கிழமை எடுத்த படத்துலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

"மெதுவா மேடம்." எழுந்து கதவைச் சாத்தினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா வனத்துறை வந்து தூக்கிட்டுப் போயிருக்கும். இத்தனை பேர் பார்த்திருக்க முடியுமா? எத்தனை குழந்தைங்க வந்தாங்க! எவ்வளவு விழிப்புணர்வு! ஒரு பறவைக்கு நாலு இறகு போனதால…"

"நீங்க வெளியில போட்ட படம் ஒண்ணுலகூட அது தெரியலியே?"

"அதுக்கப்புறம் நான் இடது பக்கத்துலேருந்து மட்டும்தான் எடுத்தேன். மத்தவங்களையும் அந்தப் பக்கமாதான் நிக்க வெச்சேன். வெளிச்சம் அங்கதான் நல்லாயிருக்குன்னு சொன்னேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. இருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஒரு நாள் பொறுங்க மேடம். பெங்களூருலேருந்து ஒரு குழு வருது. ஞாயித்துக்கிழமை நானே வனத்துறைக்கு போன் பண்றேன். உங்க வீட்டுக்காரர் பேர் வராம பார்த்துக்கறேன்" என்றார்.

டீயைக் குடிக்காமல் வந்தேன். கையைக் கழுவினேன். அவர் கொடுத்த கோப்பையைத் தொட்டதுதான், வேறொன்றுமில்லை. இரண்டு தடவை கழுவினேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

கரை முழுக்கக் குடும்பங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், மஞ்சள் கயிறு, தேங்காய் பழம். பச்சைத் தண்ணீரிலேயே பூவை விட்டுக் கும்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. மேடையில் இவர் படம், பறவை படம் இரண்டும் ஒரே பேனரில். இவர் வெள்ளை வேட்டி சட்டையில் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கை கட்டுவதா தொங்கவிடுவதா என்று தெரியாமல் இரண்டும் செய்துகொண்டிருந்தார்.

நான் யூனிபாரத்தில் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்துப்போயிருந்தேன். படகை யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் படகுதானே.

திட்டில் பெங்களூர்க் குழு முக்காலிகளை நட்டு, இடது பக்கமாக வரிசையாக நின்றிருந்தது. அவர்களுக்கு நடுவே நடந்துபோய்ப் பறவைக்கு முன்னால் நின்றதும், "மேடம், மேடம், நகருங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்று கத்தினார்கள். விரிப்பைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் போட்டு அமுக்கினேன். அலகை ஒரு கையால் கவ்விப் பிடித்தேன். அது பயத்தில் உள்ளே கிடந்ததையெல்லாம் என் நெஞ்சில் கக்கியது. அழுகின கவலை மீன், செரிக்காத வறுவல் துண்டு, பிளாஸ்டிக் உறைத் துணுக்கு ஒன்று. சூடாக வழிந்தது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. குழந்தை கக்கின மாதிரி இருந்தது.

ரகோத்தமன் ஓடி வந்தார். "மேடம், என்ன பண்றீங்க? சட்டப்படி இதைத் தொடவே கூடாது!"

வலது சிறகை விரிப்புக்கு வெளியே இழுத்து, அந்த வரிசை முழுவதற்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினேன். "இதையும் எடுத்துக்குங்க. வெளிச்சம் நல்லாயிருக்கு."

கேமராவிலிருந்து சிலர் கண்ணை எடுத்தார்கள். பிறகு பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண், "அய்யோ, யார் வெட்டினது?" என்றாள். அவளுக்குப் பின்னாலிருந்தவர், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அஞ்சு நிமிஷம் கீழே வைங்க, ஒரே ஒரு ஷாட்," என்றார். அவரை அடித்திருப்பேன், கை காலியாக இல்லை.

பறவையை விரிப்பில் சுற்றிப் படகில் கிடத்தித் துடுப்பு போட்டேன். கரையில் தூக்கிக்கொண்டு இறங்கியபோது கூட்டம் விலகி வழி விட்டது. மரியாதையால் அல்ல, என் மேலிருந்த நாற்றத்தால். மூக்கைப் பொத்திக்கொண்டே செல்போனில் படம் எடுத்தார்கள். மேடையிலிருந்து இவர் இறங்கி வந்தார். பொன்னாடை போர்த்தியாகிவிட்டது போல. தோளில் மின்னிக்கொண்டிருந்தது.

"நாயகி, எல்லாரும் பாக்கறாங்க. வூட்டுக்குப் போலாம், வா."

"தள்ளுங்க."

"என்னைச் சொல்லிடாத." உதடு மட்டும் அசைந்தது.

பறவையோடு ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏறி, வனத்துறை அலுவலகத்துக்கு விடச் சொன்னேன். டிரைவர் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வனத்துறை அலுவலகத்தில் ரேஞ்சர் வாக்குமூலம் எழுதிக்கொண்டார். என்னைவிடச் சின்னவர், பொறுமையாகக் கேட்டார்.

"வெட்டினது உங்க வீட்டுக்காரர்தானா?"

"ஆமாம்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "அது கொத்தியிருக்குமேம்மா. இந்த அலகு சும்மா விட்டிருக்காதே. கையில காயம் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு."

"கட்டு போட்டது யாரு?"

"நான்தான்."

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இவருக்கு அபராதம் விதித்து, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ரகோத்தமன், தனக்கு ஒன்றும் தெரியாது, தன் நம்பிக்கை உடைந்துபோயிற்று என்று ஃபேஸ்புக்கில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாராம். மதிவதனி போனில் படித்துக் காட்டினாள். போதும் என்றேன்.

ஊரில் இவர்மேல் யாருக்கும் கோபமில்லை. என்மேல்தான். டீக்கடைக்காரர் எனக்குச் சில்லறை தரும்போது மேசையில் வைத்துத் தள்ளுகிறார். "நாலு ஜனம் வந்து போய்க்கிட்டிருந்த ஊரு. புருசனையே புடிச்சுக் குடுத்தா வேற யாரை வுடுவா?" என்று ஊசி போட வந்த கிழவி ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். ஊசியை வலிக்காமல்தான் போட்டேன்.

ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் ஓர் அறை காலியாக இருந்தது. வந்துவிட்டேன். நைட் டியூட்டிக்கு வசதி என்று மதிவதனியிடம் சொல்லியிருக்கிறேன்.

"அப்பா அழறாரும்மா," என்றாள்.

"சாப்பிட்டாரான்னு கேளு," என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

விடுப்புப் போட்டுச் சென்னைக்குப் போய், வனத்துறை அங்கே அனுப்பியிருந்த பறவையைப் பார்த்தேன். கால்நடை மருத்துவர் ரெஹானா, முப்பது வயதுகூட இருக்காது. கையுறையைக் கழற்றாமலே பேசினார்.

"தானா முளைக்கட்டும்னு விட்டா மாசக்கணக்காகும். இந்த ஜாதி கூண்டுல அவ்வளவு நாள் தாங்காது. அதனால வேற ஒண்ணு பண்ணப்போறேன். போன மாசக் காத்துல இதே ஜாதியில ஒண்ணு தெற்கே செத்து ஒதுங்கியிருக்கு. ஒரு காலேஜ்ல ஐஸ்ல வெச்சிருக்காங்க. அதோட இறகுகளை எடுத்து, இதோட வெட்டுப்பட்ட தண்டுக்குள்ள மூங்கில் ஈர்க்கு செருகி ஒட்டணும்."

"பறக்குமா?"

"ஒட்டினது சரியா உட்கார்ந்தா பறக்கும்."

நான் இறகுத் தண்டுகளைப் பிடித்துக்கொள்ள உதவட்டுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேலை செய்யும்போது கூப்பிடுவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கூப்பிட்டார். போனேன். மயக்கத்தில் அது கையில் கனமாகக் கிடந்தது. கறுப்பு இறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. நெடுநாளைக்குப் பிறகு எதைப் பார்த்தும் அருவருப்பு வராத ஒரு நாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று விட்டோம்.

பிடித்த இடத்துக்கு நேராக, ஆழ்கடலில் விடுவது என்று முடிவு. ரேஞ்சர், ரெஹானா, நான், ஒரு விசைப்படகு. யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் கிளம்பும்போதே கரையில் லென்ஸ்கள் நின்றன. படகில் ஏற வந்தவர்களை ரேஞ்சர் தடுத்துவிட்டார். ரகோத்தமன் முன் வரிசையிலேயே இருந்தார். என்னைப் பார்த்து, எதுவும் நடக்காததுபோல் கும்பிட்டார்.

கரை கோடாக மறைந்ததும் பெட்டியைத் திறந்தோம். அது வெளியே வரவில்லை. பிறகு விளிம்பில் ஏறி நின்றது. ரேஞ்சர் குனிந்து பார்த்தார். அவருடைய பூட்ஸில் தாராளமாகக் கழிந்துவிட்டு, சிறகை விரித்தது. இரண்டு சிறகும். காற்று தூக்கிக்கொண்டது. தென்கிழக்கே, தண்ணீரை ஒட்டினாற்போல் தாழ்வாகப் போய், அலை மேட்டில் மறைந்து, மறுபடி தெரிந்து, மறுபடி மறைந்தது. ரெஹானா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கரையில் இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், எந்தப் பக்கம் போச்சு? கரையோரமா வருமா? எந்தப் பக்கம்?"

"வடக்கே," என்றேன்.

முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு வடக்கே ஓடினார்கள். இந்த வயதில் ரகோத்தமன் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

எல்லோரும் ஓடின பிறகு அங்கே இவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார், கவனிக்கவில்லை. இளைத்திருந்தார். தலையில் டை போய்ப் பாதி நரை தெரிந்தது.

"பறந்துச்சா?"

"பறந்துச்சு."

"வலது பக்கம்…"

"ரெண்டு பக்கமும் சமமா அடிச்சுது."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்ததாகத்தான் இருக்கும். கேட்க நான் தயாராக இல்லை. "டியூட்டிக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தேன். இன்று எனக்கு டியூட்டி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவர் பின்னால் வரவில்லை. வராததே நல்லது. தோப்பு முடிகிற இடத்தில் இரண்டு முறை நின்றேன். செருப்பில் மணல் ஏறியிருந்தது.